மகளின் போனில் தொங்கிய சர்வர்

தம்பானூர் ரயில் நிலையத்தில், திறந்த லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒரு இளம்பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நடந்த ஐம்பது கடந்த ஆளை உங்களில் யாராவது பார்த்திருந்தால், அது நான்தான். அந்தப் பெண் என் மகள் அபிராமி. அவள் ஊரை விட்டுப் போகிற நாள் அது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. புழுக்கம் மட்டும் சட்டைக்குள் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. படிக்கட்டில் பழப்பொரி வாசனை, எண்ணெயில் பொரிகிற நேந்திரம்பழம். பின்னால் என் மனைவி மல்லிகா, ஒரு கையில் புளிச்சோறு கட்டிய பையும் மறு கையில் மகளின் தலையணையுமாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"மக்ளே, பைய நட. நீ தூரமாப் போனா லைன் போயிரும்."

சில வாரங்களாக நானும் அபியும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் மல்லிகா வழியாகத்தான். அந்த வனவாசத்துக்குப் பிறகு நான் மகளிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நடையைக் குறைத்தாள்.

பார்க்காத சாமான்

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் முதலில் கையில் எடுப்பவர்களுக்கு என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கெங்கோ ஊர்களில், குளிர்பதன அறைகளில், சர்வர்கள் என்று சொல்லப்படும் கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பேக்கரிக் கணக்கு, பள்ளிக்கூட ஃபீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. அவற்றைப் பராமரிப்பது என் வேலை. ஒன்றைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. வீட்டில் உட்கார்ந்து டெர்மினல் என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஒரு வரி தட்டினால் அந்தச் சர்வருக்குள் போய்விடலாம். படம் இல்லை, பொத்தான் இல்லை, வெறும் எழுத்து. நான் ஒன்று எழுதுவேன், அது ஒன்று எழுதும். அவ்வளவுதான்.

ஆரியசாலையில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்யும் என் அண்ணனுக்கு இன்றுவரை இது பிடிபடவில்லை.

"நீ எந்த ஊருக்குப் போயி வேலை பாக்க?"

"எங்கயும் போவல. வீட்டுலதான்."

"அந்தச் சாமானை ஒரு தடவையாவது பாத்திருக்கியா?"

"இல்ல."

"பாக்காத சாமானுக்கு எவம்ல சம்பளம் தாறான்?"

பதில் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.

இந்தத் தொழிலில் ஒரே சமயத்தில் நாலைந்து கறுப்பு ஜன்னல் திறந்திருக்கும். ஒன்று மும்பை, ஒன்று சிங்கப்பூர், ஒன்று எங்கே என்று எனக்கே மறந்துபோன ஊர். எல்லாம் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். என்னோடு வேலை பார்க்கும் ரெஜி ஒரு முறை, ஓய்வுகொடுக்க வேண்டிய கிழட்டுச் சர்வர் என்று நினைத்து, கிறிஸ்துமஸ் கேக் விற்பனை ஜோராக நடந்துகொண்டிருந்த ஒரு பேக்கரியின் சர்வரை நிறுத்திவிட்டான். ஜன்னல் மாறிப்போயிற்று. அன்றைக்கு அந்த முதலாளி போனில் பேசிய மலையாளத்தை எந்த வார இதழிலும் அச்சிட முடியாது. அதன்பிறகுதான் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு நிறம் வைத்தோம். சிவப்பு என்றால் தொடாதே.

இந்த ஜன்னலைத் திறந்து நான் வேலை பார்க்காத இடம் இல்லை. கல்யாண மண்டபத்தில் இலைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். மாமனாரின் பதினாறாம் நாள் சடங்கில் ஐயர் "எள்ளை விடுங்கோ" என்று சொல்லச் சொல்ல, மடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அலுத்துவிட்டது. தூங்கி எழுந்தால் தீருகிற அலுப்பும் இல்லை இது.

ஒரு சின்ன வேலை

எர்ணாகுளம் பக்கத்தில் ஒரு டயாலிசிஸ் சென்டர். அவர்களுடைய பழைய சர்வரில் இருந்ததையெல்லாம் புதிய சர்வருக்கு மாற்ற வேண்டும். யார் எந்த ஷிப்டில் வருகிறார், போன தடவை என்ன எடை, உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், யாருக்கு எந்த ஊசி ஆகாது என்ற விவரமெல்லாம் அதற்குள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சென்டருக்கு விடுமுறை. திங்கள் விடிந்ததும் முதல் ஷிப்ட் ஆட்கள் வந்து படுத்துவிடுவார்கள். பழைய சர்வரின் வாடகைத் தவணையும் அன்று மாலையோடு முடிகிறது.

ரெஜி செய்வதாகத்தான் இருந்தது. அவன் தங்கை குழந்தைக்குக் கோட்டயத்தில் ஞானஸ்நானம். "சேட்டா, ஞான் வைகுன்னேரம் வந்நிட்டு செய்யாம்" என்றான். சாயங்காலம் வந்து செய்கிறானாம். மாலைக்குள் முடியாவிட்டால் யார் பதில் சொல்வது? மகளை வண்டியேற்ற வேண்டிய நாள் என்று தெரிந்தும், சின்ன வேலைதானே, சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று நானே உட்கார்ந்தேன்.

எங்கள் தெருவில் ரோடு போடுகிறேன் என்று தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். அன்று காலையில் யாரோ கேபிளை வெட்டிவிட்டார்கள், வீட்டு இன்டர்நெட் போயிற்று. என் போனில் அன்றைய டேட்டா காலைக் காப்பிக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. மல்லிகாவை அழைத்து, "அபிட்ட சொல்லி கொஞ்சம் நெட்டு வாங்கிக் குடு" என்றேன். அபி தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தாள். அவளுடைய போன் வழியாக நான் சர்வருக்குள் போனேன்.

மாற்றுகிற புரோகிராம் எவனோ எழுதிவைத்துவிட்டு ஊரைவிட்டே போனது. அதற்குத் தன்மேலேயே நம்பிக்கை கிடையாது. கொஞ்சம் ஓடும், நின்று "தொடரவா?" என்று கேட்கும். y என்று அடித்தால் மறுபடி ஓடும். ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இங்கேதான் தவறு. எங்கள் தொழிலில் டீமக்ஸ் என்று ஒரு வழி உண்டு. முதலில் அதைத் திறந்து, அதற்குள் வேலையை ஓடவிட வேண்டும். பிறகு நம் பக்கத்தில் லைன் அறுந்தாலும், வேலை அங்கே சாகாது. நாம் எந்த நெட்டில் வந்தும் விட்ட இடத்தில் தொடரலாம். அதைத் திறக்காமல் ஓடவிட்டால், லைன் அறுந்த கணம் வேலையும் போய்விடும். பாதி மாறிய விவரம் எதற்கும் உதவாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் முதல் நாளே சொல்வது இதைத்தான். சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்துவிட்டது. அன்றைக்கு நான் அதைத் திறக்கவில்லை. கண் திரையில் இருந்தது, காது அடுத்த அறையில் மகள் பெட்டியின் ஜிப்பை இழுக்கிற சத்தத்தில் இருந்தது. நேராக ஓடவிட்டேன்.

சாப்பாட்டு நேரமும் கடந்தது. வேலை முடிந்தபாடில்லை. அப்போதுதான் உறைத்தது. சர்வர் என் மகளின் போனில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் போன் இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டி ஏறப்போகிறது.

பேசாத வாரங்கள்

அபி ஏன் என்னோடு பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. கழக்கூட்டத்து ஐ.டி. பார்க்கிலும் ஒன்று கிடைத்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம். நான் சாதாரணமாகத்தான் கேட்டேன், "இங்கன இருக்கும்போ எதுக்கு அங்க போவணும்?" என்று. அப்போதும் மடியில் லேப்டாப். பார்வை அதில்.

அவள் சொன்னாள், "இங்கன இருந்தா மட்டும் நீங்க என்னைப் பாத்துருவியளா?"

நான் நிமிர்ந்தேன். அதற்குள் போய்விட்டாள். கோபத்தில் நானும் ஏதோ கத்தினேன், சோறு போடுவது இந்த வேலைதான் என்கிற ரகத்தில். அதற்குப் பிறகு "அப்பாட்ட சொல்லு", "அவகிட்ட கேளு" என்று எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் மல்லிகா தலையில் விழுந்தது. பாவம், அவள் சமையலையும் பார்த்துக்கொண்டு தூதும் போனாள்.

அபி கேட்டது வலித்தது. பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

ஆட்டோவில்

எங்கள் வீடும் ஆரியசாலையில்தான். அங்கிருந்து தம்பானூர் பக்கம்தான். ஆனால் சாலைக் கடைத்தெரு வழியாக ஞாயிற்றுக்கிழமைகூட ஆட்டோ ஊர்ந்துதான் போகும். நடுவில் அபி, அந்தப் பக்கம் மல்லிகா, இந்தப் பக்கம் நான். மடியில் திறந்த லேப்டாப். ஒவ்வொரு குழியிலும் எனக்கு உயிர் போய் வந்தது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: "சாரே, சினிமா காணுகயாணோ?"

"அதே சேட்டா, நல்ல படமாணு" என்று ஆமாம் போட்டது அபிதான். மல்லிகா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தொடரவா?" என்று அது கேட்டது. y அடித்தேன்.

விஷயத்தை நான் மல்லிகாவிடம் சொன்னேன். மல்லிகா பக்கத்தில் இருந்த மகளிடம் சொன்னாள். அபி என்னைப் பார்க்காமலே தாயிடம் கேட்டாள்.

"என் போனை வச்சிட்டுப் போவணும்னு சொல்லுதாவளா?"

"அப்படி யாரும் சொல்லலட்டி."

எப்படிச் சொல்ல முடியும்? டிக்கெட் அதில், காசு அதில், புனேயில் அவள் தங்கப்போகிற இடத்தின் விலாசம் அதில். முன்பின் தெரியாத ஊருக்குப் பெண்பிள்ளையைப் போன் இல்லாமல் அனுப்புவதா? எர்ணாகுளத்தில் யாரோ முகம் தெரியாத நோயாளிகள் ஒரு பக்கம், என் மகள் ஒரு பக்கம். இரண்டு பக்கமும் நான்தான் குற்றவாளி.

வேறு நெட்டுக்கு மாறிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். மாறினாலே அறுந்துவிடும். பாதாளக் கிணற்றில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவன் வேறு கயிறு மாற்ற முடியாது. எந்தக் கயிற்றில் இறங்கினானோ அதில்தான் ஏறி வர வேண்டும்.

ஏறுங்க

வண்டி பிளாட்பாரத்துக்கு வந்து நின்றிருந்தது. பெட்டியை ஏற்றினோம், தலையணையை ஏற்றினோம். அபி ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தாள். நான் வெளியே, ஜன்னல் கம்பியோடு ஒட்டி, லேப்டாப்பை ஏந்தியபடி நின்றேன். வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்படுகிற அறிவிப்பு மூன்று மொழியிலும் வந்தது.

கோட்டயத்தில் இருக்கும் ரெஜிக்குப் போன் செய்து, அறுந்துவிடும், முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், மாலைக்குள் முடியாது, சென்டர்க்காரர்களிடம் சொல்லிவிடு என்று சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்தேன். முதல் ஷிப்டில் வருகிற கிழவர்களிடம், "அப்பச்சா, போன தடவை எத்ர கிலோ?" என்று நர்ஸ்மார் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்?

"எப்பா."

நிமிர்ந்தேன். அபி என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுங்க."

"எங்க?"

"வண்டியிலதான். வேற எங்க? சீக்கிரம்."

"டிக்கெட் இல்லையே மக்ளே."

"எப்பா, ஏறுங்கன்னு சொன்னேன்லா!"

மல்லிகா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போங்க. நான் வீட்டுக்குப் போயிக்கிடுதேன்."

"சாவி யாருட்ட இருக்கு?"

"ஐயோ, சாவியாம் சாவி! எங்கிட்டதான் இருக்கு. போவும் மனுஷா!"

ஏறினேன். வண்டி நகர்ந்தது. பிளாட்பாரத்தில் மல்லிகா நின்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பது தெரிந்தது. அவள் மகளுக்குச் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் எனக்காக விழுங்கிக்கொண்டு நின்றாள் என்பது பேட்டை ஸ்டேஷன் கடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கே வரை?

அபிக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. எர்ணாகுளத்தில் ஏறுகிறவருக்கு உரியது போலும். அதில் உட்கார்ந்தேன். எதிரில் ஒரு குடும்பம் தூங்குவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது.

கொச்சுவேளி கடந்ததும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். நான் பிளாட்பாரம் டிக்கெட்டை நீட்டினேன். அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், என் மடியில் கிடந்ததையும் பார்த்தார்.

அபி மலையாளத்தில் கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னாள். டயாலிசிஸ் சென்டர், நெட்டு, என் மறதி, ஒன்று விடவில்லை. என் மறதியைச் சொன்ன இடத்தில் அவள் குரலில் ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது.

"இது அடைச்சா எந்து பற்றும்?" என்று, மூடினால் என்ன ஆகும் என்பதுபோல், திரையைக் காட்டிக் கேட்டார்.

"அடைச்சா எல்லாம் போயி சாரே" என்றேன்.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "எனிக்கும் ஞாயறாழ்ச்ச டியூட்டி தன்னெ" என்று சொல்லிவிட்டு, அபராதத்தைச் சட்டப்படி எழுத ஆரம்பித்தார். அதில் தள்ளுபடி ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டே கேட்டார்: "எவிடெ வரெ?"

எங்கே வரை? கணக்குப் பார்த்தால் வேலை வர்க்கலையை ஒட்டி முடிந்துவிடும். அதற்கும் அப்பால்தான் கொல்லம். வர்க்கலை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கொல்லம்" என்றேன்.

அபி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள்.

நீல வெளிச்சம்

வயலும் தென்னையும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. புரோகிராம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அடுத்த கேள்வி வரை தன்பாட்டில் ஓடும். அந்த இடைவெளியில் எங்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. லேப்டாப்பை விட்டு நான் எழ முடியாது, போனை எடுத்துக்கொண்டு அவளும் எழ முடியாது. இப்படி இரண்டு பேரையும் ஒரே இடத்தில் கட்டிப்போட இருபது வருஷமாக மல்லிகாவால் முடியவில்லை.

"இது ஏன் ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டே இருக்கு?" என்றாள் அபி.

"எழுதுனவனுக்குப் பயம் மக்ளே. எதுக்கும் கேட்டு வைப்போம்னு."

"நல்லதுதான? கேட்டாத்தான தெரியும்."

அவளே தொடர்ந்தாள்.

"ஏழாங்கிளாஸ்ல ஸ்கூல் ஆண்டு விழா நாடகம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"இருக்கே. நீ ராணி."

"ராணியா வந்தது ஜோஸ்னா. நான் மரம்."

"மரமா?"

"ஆமா, மரம். பச்சைத் துணி சுத்திட்டு, கையைத் தூக்கிட்டு, கடைசி வரை நிக்கணும். ஹால்ல லைட்டை எல்லாம் அணைச்சாச்சு. எல்லா பிள்ளையளும் மேடையில இருந்து அப்பா எங்க, அம்மா எங்கன்னு தேடுதாங்க, இருட்டுல ஒருத்தர் மூஞ்சியும் தெரியல. எனக்குத் தேடவே வேண்டாம்." அவள் சிரித்தாள். "உங்க மூஞ்சி மட்டும் நீலமா தெரிஞ்சுது, இந்த லேப்டாப் வெளிச்சத்துல. நாடகம் முடியிற வரை அதைப் பாத்துட்டேதான் நின்னேன். கை வலிக்கும்போதெல்லாம், இப்ப நிமிந்து பாப்பாவ, இப்ப பாப்பாவன்னு."

"நான் பாத்தனா?"

"இல்ல எப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். எதிரில் தூங்கும் குடும்பம் விழித்துக்கொண்டால் என்ன நினைக்கும் என்று பயந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

திரையில் "தொடரவா?" வந்து நின்றது. கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியவில்லை. அபி என் மடிக்குக் குறுக்கே கையை நீட்டி y அடித்தாள்.

"இனி நான் அடிக்கேன். நீங்க சோறு தின்னுங்க. காலையில இருந்து ஒண்ணும் திங்கலல்லா."

புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தேன். வாட்டிய வாழை இலையும் நல்லெண்ணெயும் சேர்ந்த வாசனை பெட்டி முழுக்கப் பரவியது. நான் ஒரு வாய், அவள் ஒரு வாய். புனேயில் அவளோடு அறையில் தங்கப்போகிற பெண்ணைப் பற்றிச் சொன்னாள். தனக்கும் உள்ளூரப் பயம்தான் என்றாள். அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றாள். பயமாக இருந்தால் வந்துவிடு என்று சொல்ல நினைத்து, அதை மாற்றி, "பயந்தா எனக்குப் போன் பண்ணு, எந்நேரமானாலும் எடுப்பேன்" என்றேன்.

"சர்வர் விழுந்தா எடுக்கியளே, அப்படியா?"

"அதுக்கும் முன்னால."

"கொள்ளாம், நல்லதுதான்" என்று தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

வர்க்கலை

கடைக்காவூர் பக்கம் சிக்னல் இழுத்துக்கொண்டது. ஒரே ஒரு கோடு. திரை உறைந்து நின்றது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தோம். சிக்னல் கொஞ்சம் போய் வந்தால் லைன் தாங்கும், அதிக நேரம் போனால் தாங்காது. அபி போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டப் போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். விழுந்தால் சர்வரும் போச்சு, போனும் போச்சு. பிறகு எழுத்துகள் ஒரேயடியாகக் கொட்டின. அவள் "ஹாவூ" என்று என் தோளில் சாய்ந்தாள்.

சாய்ந்தவள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். முந்தின நாள் முழுக்கப் பெட்டி கட்டிய களைப்பு. நான் அசையாமல் உட்கார்ந்து, ஒற்றை விரலால் y அடித்தேன். அடுத்த முறையும் அடித்தேன். அதற்கடுத்து கேள்வி வரவில்லை. எல்லாம் முடிந்தது என்று ஒரு வரி வந்தது. கீழே வெறும் கோடு மினுங்கிக்கொண்டு நின்றது.

வண்டி வேகம் குறைந்து வர்க்கலையில் நின்றது.

மெல்ல அவள் தலையை ஜன்னல் பக்கம் சாய்த்துவிட்டுக் கதவருகே போனேன். ரெஜிக்குப் போன் செய்தேன். பின்னணியில் பிள்ளை அழுகிற சத்தமும் பாட்டும் கேட்டன. "கழிஞ்ஞு ரெஜி. நீ ஒண்ணு கேறி நோக்கு" என்றேன், முடிந்தது, உள்ளே போய்ப் பார் என்று. அவன் தன் போனிலிருந்தே புதிய சர்வருக்குள் போய்ப் பார்த்தான். "எல்லாம் உண்டு சேட்டா. பேரு, தூக்கம், ஷிப்ட், ஒக்கெ சரியா. சேட்டன் இனி ஒண்ணு ரெஸ்ட் எடுக்கு."

தூக்கம் என்றால் மலையாளத்தில் எடை. நாளைக் காலை அந்தக் கிழவர்கள் நிம்மதியாகப் படுக்கலாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இறங்க வேண்டியதுதான். வேலை முடிந்தது. திரும்பிப் போக அந்தப் பக்கம் வண்டி கிடைக்கும். சாயங்காலக் காப்பிக்கு வீட்டில் இருக்கலாம். மகளை எழுப்பி, "வரட்டா மக்ளே" என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டியதுதான்.

இடத்துக்குப் போனேன். அபி கண்ணைத் திறந்திருந்தாள்.

"முடிஞ்சுதா எப்பா?"

"இல்ல மக்ளே. இன்னும் கொஞ்சம் கிடக்கு."

இப்படி ஒரு பொய்யை நான் சொன்னதே இல்லை. இத்தனை வருஷமும் முடியாததை முடிந்தது என்றுதான் வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். வண்டி நகர்ந்தது. நான் லேப்டாப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மும்முரமாக y அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று சர்வர் சொன்னது. மறுபடியும் அடித்தேன். மறுபடியும் சொன்னது. திரையை அவளுக்குத் தெரியாதபடி சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

அவள் பேசிக்கொண்டே வந்தாள். கல்லூரியில் ஒருத்தன் கவிதை எழுதிக் கொடுத்த கதை, அதில் பாதி காப்பி என்று இவள் கண்டுபிடித்த கதை. நான் கேட்டுக்கொண்டு, நடுநடுவே தட்டிக்கொண்டு வந்தேன். பரவூர்க் காயலின் நீர் இரண்டு பக்கமும் வெயிலில் மின்னியது. அதற்குச் சற்று முன்பே திரை உறைந்துவிட்டது. நான் தட்டுவது எதுவும் அதில் ஏறவில்லை. காயல் பக்கம் சிக்னல் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். ஏறாவிட்டால் எனக்கென்ன, தொடர்ந்து தட்டினேன்.

கொல்லம்

கொல்லம் சீக்கிரம் வந்துவிட்டது. அந்த வண்டி அதற்கு முன்னும் பின்னும் நேரத்துக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை, அன்றைக்குப் பார்த்து அப்படி ஒரு ஓட்டம்.

"இப்ப முடிஞ்சிருச்சு" என்று சொல்லி எழுந்தேன்.

"அப்படியா? நல்லதாப் போச்சு" என்றாள்.

அவளும் கதவு வரை வந்தாள். நான் இறங்கிப் பிளாட்பாரத்தில் நின்றேன். அவள் படிக்கு மேலே நின்றாள். "தண்ணி நிறையக் குடி" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். விசில் ஊதினார்கள்.

"எப்பா."

"என்ன மக்ளே?"

"பரவூர் வாறதுக்கு முன்னாலயே நான் ஹாட்ஸ்பாட்டை ஆஃப் பண்ணிட்டேன். சார்ஜ் தீந்துட்டு வந்துது."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"வர்க்கலையில நீங்க ரெஜி அண்ணன்ட்ட பேசுனது கேட்டுது எனக்கு. கதவு பக்கத்துலதான இருந்தோம்."

"பின்ன ஏன் மக்ளே சொல்லல?"

வண்டி அசைந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னா இறங்கிருவியளே."

கொல்லத்தின் பிளாட்பாரம் நீளமானது. அது முடிகிற இடம் வரை வண்டியோடு நடந்தேன்.